ஐம்பது குஞ்சுகளும் ஓர் அரிக்கேன் விளக்கும்

முசரவாக்கம்
16-12-66

கிருஷ்ணவேணிக்குத் துரைக்கண்ணு எழுதியது.

இங்கே யாரும் படுத்துக்கிடக்கவில்லை. அங்கேயும் அப்படித்தான் இருக்கும்.

நேற்றுக் காலை யூனியன் ஆபீஸ் ஜீப் நம் வாசலில் வந்து நின்றது. எலெக்‌ஷன் விஷயமாக்கும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்றை என் கையில் திணித்து, "மாதர் சங்கத்துல உங்க வூட்டம்மா எழுதிக் குடுத்திருந்தாங்களே, வெள்ளைக் கோழிக்குஞ்சு, அம்பது, கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். பிறந்து இரண்டு நாள்தானாம். தாய்க்கோழி எங்கே என்று கேட்டேன். மெஷினில் பொரித்ததாம், தாயே கிடையாதாம். சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பெட்டியைத் திறந்தாலும் கத்துகிறது, மூடினாலும் கத்துகிறது. பனியோ கொட்டுகிறது. ராத்திரி மட்டும் ஏழு செத்துவிட்டன. நீ எழுதிக்கொடுத்ததற்கு நான் காவல் இருக்க முடியாது. வந்து பார்த்துக்கொள். இல்லாவிட்டால் என்ன செய்வதென்று உடனே எழுது. கார்டில் இடமில்லை.

துரைக்கண்ணு


பெரம்பூர்
18-12-66

முசரவாக்கம் துரைக்கண்ணு அவர்களுக்கு, கிருஷ்ணவேணி எழுதிக்கொண்டது.

கார்டு வந்தது. எனக்கு முன்னால் போஸ்ட்மேன் படித்துவிட்டு, "இன்னாம்மா, உங்க ஊர்ல ஏழு குஞ்சு பூட்சாமே" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். நம் வீட்டுக் கதையைப் பெரம்பூர் முழுக்கப் படிக்க வேண்டாம். இனிமேல் இன்லண்டில் எழுதவும்.

வந்து பார்த்துக்கொள் என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது? கார்த்திகை சோமவாரத்தன்று நான் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் உங்கள் சிநேகிதர் பழனியும் அவர் கட்சி ஆட்களும் வரிசையாக உட்கார்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு முட்டையோடு அடையில் உட்கார்ந்திருந்த என் சாம்பல் கோழிதான் குழம்பாகியிருந்தது. பதினெட்டு நாள் அடை. இன்னும் மூன்றே நாளில் குஞ்சு பொரிந்திருக்கும். ஏன் அறுத்தீர்கள் என்று கேட்டதற்கு, "இருவது நாளா முட்டை போடாத கோழி, சும்மா குந்திக்கினு கிடந்துச்சு" என்றீர்கள். உங்கள் அக்கா பெரியநாயகி, "ஒரு கோழிக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்" என்றார்கள். நம் பெண் அம்சாவைக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் நான் பேசினால் திரும்பிப் பார்த்தது அந்தக் கோழி ஒன்றுதான்.

சரி, வாயில்லாப் பிராணி என்ன பாவம் செய்தது? கவனமாகப் படிக்கவும்.

அட்டைப்பெட்டியில் வைக்காதீர்கள். குளிர் வந்தால் எல்லாம் மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அடியில் இருப்பது நசுங்கிச் சாகும். உங்கள் ஏழும் அப்படித்தான் போயிருக்கும். கோரைப்பாயை நிமிர்த்தி வட்டமாகக் கட்டுங்கள், மூலையே இருக்கக்கூடாது. கீழே உமி பரப்புங்கள். நடுவில் அரிக்கேன் விளக்கை உத்தரத்திலிருந்து குஞ்சு தொடாத உயரத்தில் தொங்கவிட்டு, மேலே தகரத் தட்டு ஒன்றைக் கவிழ்த்துக் கட்டுங்கள். சூடு கீழே இறங்கும். சாம்பிராணி போடுகிறேன் என்று புகை மூட்டாதீர்கள்.

சூடு போதுமா என்று குஞ்சுகளே சொல்லும். விளக்கின் அடியில் குவிந்து கத்தினால் குளிர், விளக்கை இறக்குங்கள். பாயோரம் ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு அதிகம், ஏற்றுங்கள். பரவலாக மேய்ந்துகொண்டு கீச்சுக்கீச்சென்று மெதுவாகப் பேசினால் சரி. நொய் அரிசியும் இடித்த கம்பும் போடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் முழுகிவிடும்.

கிருஷ்ணவேணி


முசரவாக்கம்
22-12-66

கிருஷ்ணவேணிக்கு,

நீ எழுதியபடியே பாய் கட்டினேன், விளக்குத் தொங்கவிட்டேன். எல்லாம் சரி. ஆனால் உமி விஷயத்தில் நானே கொஞ்சம் யோசித்தேன். அதுதான் வினை.

பூ மாதிரி இருக்கிற காலுக்கு உமி குத்துமே என்று தோன்றிற்று. சைக்கிளை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போய், பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் சின்னப்பையனிடம் சொன்னேன். "பட்டுக் கழிவு ஒரு மூட்டை கிடக்குதுபா, எட்துக்கினு போ. மெத்து மெத்துன்னு கல்யாண மெத்தை கணக்கா இருக்கும்" என்றான். அறுந்த இழை, சிக்கு விழுந்த நூல், எல்லாம் அரக்கு நிறமும் மாம்பழ நிறமுமாகப் பளபளவென்று இருந்தது. பரப்பிவிட்டுப் பார்த்தால் கண்கொள்ளாக் காட்சி. தெருவே வந்து பார்த்தது. "பட்டு மெத்தையில பொறந்த கோழி" என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் பாதிக் குஞ்சு நொண்டுகிறது. பட்டு இழை விரலைச் சுற்றி இறுகிக்கொண்டிருக்கிறது. இழுத்தால் இன்னும் இறுகுகிறது. சிலவற்றுக்கு விரல் வீங்கிக் கறுத்துவிட்டது. ஒன்று நூலை விழுங்கிவிட்டு, பாதி தொண்டைக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றது. அது பிழைக்கவில்லை. இன்னொன்றும் போயிற்று. இப்போது நாற்பத்தொன்று.

மெத்தையை அள்ளி எறிந்துவிட்டு உமி கொட்டிவிட்டேன். காலில் சுற்றியதை எப்படி எடுப்பது? என் கையோ ஏர் பிடித்த கை. அக்கா பக்கத்தில் வந்து நின்று, "கோயி மேக்கிற மூஞ்சப் பாரு" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். உடனே எழுது.

துரைக்கண்ணு

பின்குறிப்பு: பழனி இரண்டு தடவை கூட்டத்துக்குக் கூப்பிட்டான். போகவில்லை.


பெரம்பூர்
24-12-66

அவர்களுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு இங்கே அண்ணி சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு குளிக்கும்போது வந்தது. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்காவது இந்தப் புத்தி வருமா? பட்டு என்றால் எதற்கும் நல்லது என்று நம் ஊரில் ஒரு எண்ணம்.

என் தையல் பெட்டியில் மூக்கு நீண்ட சின்னக் கத்தரிக்கோல் இருக்கிறது. குஞ்சை இடது கையில் முதுகுப்பக்கமாகப் பிடித்து, தலையை உள்ளங்கைக்குள் மூடிவிடுங்கள். இருட்டானால் அசையாது. நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஊசி முனையால் இழையை நெம்பி, அப்புறம் வெட்டுங்கள். அவசரப்படக்கூடாது. ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும்.

இன்னொன்று. வெட்டும்போது துளி ரத்தம் வந்தாலும் அந்தக் குஞ்சைத் தனியே எடுத்துவிடுங்கள். சிவப்பைப் பார்த்தால் மற்றவை எல்லாம் சேர்ந்து கொத்தும், சாகும்வரை விடாது. அது கெட்ட புத்தி இல்லை, வேலை இல்லாத புத்தி. உங்கள் டீக்கடை பெஞ்சியைப் பார்த்திருக்கிறீர்களே. காயத்தில் வேப்பெண்ணெய் தடவுங்கள், கசப்புக்குக் கிட்டே வராது. கூட்டத்தின் நடுவில் முளைக்கீரைக் கட்டு ஒன்றைத் தலை உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். எட்டி எட்டிக் கொத்திக்கொண்டு ஒன்றையொன்று மறந்துவிடும்.

கோழிக்கு நான் எழுதுவதால் மற்றதெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கோபித்துக்கொண்டு வந்தவள் கூப்பிட ஆள் வராமல் தானே பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், அப்புறம் அந்த வீட்டில் அவள் பேச்சு எடுபடுமா? நீங்களானால், என்னை அழைத்துப்போக வந்த ராஜவேலு அண்ணனிடம், "உன் வூட்டு வாசப்படிய நான் மிதிச்சா என் பேரு துரைக்கண்ணு இல்ல" என்று நடுத்தெருவில் சொன்னீர்கள். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். அண்ணனுக்கு ரயில்வேயில் குவார்ட்டர்ஸ் பெரிதாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

கிருஷ்ணவேணி

ராத்திரியில் சால்வையைக் காதோடு சுற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் பனி ஆகாது.


முசரவாக்கம்
2-1-67

வேணி,

நூல் எடுத்து முடிய இரண்டு பகல் ஆயிற்று. மொத்தம் இருபத்தாறு குஞ்சு. முதல் குஞ்சுக்கு அரை மணி பிடித்தது. பத்தாவதுக்கு மேல் பழகிவிட்டது. அக்கா முதலில் கேலி பேசினாள். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்றுக்கு மட்டும் ரத்தம் வந்தது. நீ எழுதியபடி தனியே கூடையில் வைத்து வேப்பெண்ணெய் போட்டேன். நான்கு நாளில் ஆறிவிட்டது. சந்தோஷமாகக் கொண்டுபோய்க் கூட்டத்தில் விட்டால், எல்லாம் சேர்ந்து துரத்தித் துரத்தி அடிக்கின்றன. நான்கு நாளில் அதை மறந்தேபோய்விட்டன! எடுத்துவிட்டேன். மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில், கூட்டத்திலிருந்தே இரண்டு குஞ்சை எடுத்து அதனுடன் கூடையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, மூன்றையும் சேர்த்து விட்டேன். அடி விழவில்லை. இதை நீ எழுதவில்லை, நானே கண்டுபிடித்தேன்.

நடுவில் ஒரு நாள் டீக்கடைக்குப் போனேன். போய்ப் பதினைந்து நாள் ஆயிற்றே என்று போனேன். பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வந்தால் விளக்கில் எண்ணெய் தீர்ந்து, குவியலுக்கு அடியில் இரண்டு செத்துக் கிடந்தன. அன்றோடு சரி. குளிக்கப் போனால்கூடத் தலையைத் துவட்டாமல் ஓடி வருகிறேன். சோறு அங்கேயே. இப்போது முப்பத்தொன்பது இருக்கின்றன. இறக்கையில் வெள்ளையாக முளைவிட்டிருக்கிறது.

நேற்றுக் கணக்குப் பார்த்தேன். அவை வந்து நேற்றோடு பதினெட்டு நாள்.

வேணி, எனக்கு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பதினெட்டு நாள் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரிகிறது. சும்மா குந்திக்கொண்டிருக்கிறது என்று சொன்னேனே. அன்றைக்கு நான் கையை நீட்டியபோது அது ஓடவில்லை. வேறு கோழியாக இருந்தால் ஓடியிருக்கும். இறக்கையை இன்னும் விரித்து முட்டையை மூடிக்கொண்டது, அவ்வளவுதான். இன்னொன்று உன்னிடம் சொல்லவில்லை. முட்டைகளைக் குப்பையில் கொட்டியபோது ஒன்று உடைந்தது. உள்ளே இறகோடு குஞ்சு அசைந்தது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் பந்தி பரிமாறப் போனேன். நீ வந்து கத்தியபோது நான் உன்னைவிடச் சத்தமாகக் கத்தியது அதனால்தான். தப்பு என்னுடையது. பழனி மேலோ அக்கா மேலோ போட மாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர் வருகிறேன். ராஜவேலு வீட்டு வாசற்படியை மிதிக்கிறேன், பேரை வேண்டுமானால் மாற்றிக்கொள்கிறேன். நீ தனியாக வந்து இறங்கினால் தெரு உன்னை என்ன சொல்லும் என்று, தனியே வந்து அடி வாங்கிய அந்தக் குஞ்சைப் பார்த்ததிலிருந்து யோசிக்கிறேன். நான் கூட வந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். விளக்கை அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அவளோ விளக்கு வைத்தால் தூங்கிவிடுகிறவள். நான்கைந்து போனாலும் போகட்டும். நீ வரவேண்டும்.

உன் துரைக்கண்ணு


பெரம்பூர்
4-1-67

என் மாமாவுக்கு, வேணி எழுதுவது.

கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நான்கு தடவையும் அந்தப் பக்கம் வந்ததும் அழுதேன். அண்ணன் என்னவோ ஏதோவென்று பயந்துபோய்க் கேட்டான். அவனிடம் காட்டவில்லை. அந்த முட்டையை எனக்குச் சொன்னதே போதும். அதைப்பற்றி இனி நாம் பேச வேண்டாம்.

மூன்றாகச் சேர்த்து விட்டது எனக்குத் தோன்றாத யோசனை. மாதர் சங்கத்தில் சொல்லப்போகிறேன், உங்கள் பேரைச் சொல்லியே.

ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். நான்கைந்து போகட்டும் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! இருபத்தாறு காலில் நூல் எடுத்த மனுஷன் எழுதுகிற பேச்சா அது? இறக்கை முளைக்கிற நேரத்தில்தான் பனி அதிகம் தாக்கும். இன்னும் பத்து நாள் அந்த விளக்கை விட்டு நீங்கள் எழுந்திருக்கக்கூடாது. பெரியநாயகி அண்ணியிடம் பகலில் மட்டும் ஒப்படையுங்கள், பாவம், தூங்கட்டும்.

நானே வருகிறேன். சனிக்கிழமை முதல் பஸ். அண்ணன், "கூப்ட வரட்டும்மா, நீயா போனா மருவாதி இல்ல" என்கிறான். இங்கே அண்ணி, மார்கழியில் போகாதே, தை பிறக்கட்டும் என்கிறாள். இருவரும் சொல்வது நியாயம்தான். போன வாரம் வரைக்கும் நானும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் முப்பத்தொன்பது குஞ்சை வைத்துக்கொண்டு நீங்கள் தனியாக உட்கார்ந்திருக்கும்போது எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. அண்ணியிடம் கத்திரிக்காய் வற்றலும் ஒரு புது அரிக்கேன் விளக்கும் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு விளக்காகப் போட்டால் நீங்கள் கொஞ்சம் கண்ணயரலாம்.

தெருவைப்பற்றிக் கவலைப்படாதீர்கள். நான் குஞ்சு இல்லை, எனக்கும் வாய் இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டுக்கும் வந்து நிற்காதீர்கள். முசரவாக்கம் ரோட்டில் இறங்கி நானே நடந்து வந்துவிடுவேன். இன்னாம்மா, கூப்பிட உன் வூட்டுக்காரர் வரலியா என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். அவர் வீட்டில் அடையில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

உங்கள்
வேணி