டாலரின் மூலையில் என் கையெழுத்து

என் அக்கா மகளாகப் பிறந்து, எங்கள் மகளாகவே வளர்ந்து, இப்போது ஏழு கடல் தாண்டிக் குடித்தனம் நடத்தும் சிட்டுவுக்கு மாமா எழுதுவது. நானும் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள் இருந்துகொண்டே வீட்டையே அதட்டி வேலை வாங்கும் அந்தக் குட்டி அதிகாரியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன் பேசினால் அத்தை என் தோளிலேயே காதை வைத்துக்கொண்டு நிற்பாள், அவளைப் பற்றிப் பேச முடியாது. அதனால் பல்லுக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தபால் நிலையத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள், கயிறு குட்டையாக இருப்பதால் நானும் பேனாவும் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டு எழுதுகிறோம். வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. மேல்வீட்டு வக்கீல் குழாயை மூடாமல் ஊருக்குப் போய்விட்டார், நம் சமையலறையில் இறங்கிய அருவியில் நாலு யானைகளைக் குளிப்பாட்டியிருக்கலாம், சுவர் மட்டும் இன்னும் காயவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை நாங்கள் அங்கே வந்து திரும்பியதில் இருந்து அத்தை அந்தப் பயணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. தெருவில் எல்லாரும் விமானம் எப்படி, ஊர் எப்படி என்று கேட்கிறார்கள், நல்லாத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டுத் தையல் மிஷினை மிதிக்கப் போய்விடுகிறாள். உனக்குக்கூட அவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைப்பு. குளிர் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. செய்தவன் உன் மாமா. நாங்கள் கிளம்பும் முன்னால் அத்தை பள்ளிச் சீருடை தைத்துத் தைத்துச் சேர்த்த பணத்தை என் கையில் கொடுத்தாள். குழந்தைக்குத் தள்ளுவண்டி அவளே கடையில் பார்த்து, அவளே பணம் கொடுத்து வாங்க வேண்டும் என்று ஆசை. வங்கியில் இருந்த பெண், அம்மா பேரிலேயே ஒரு அட்டை தருகிறேன், பணத்தை அதில் ஏற்றிக்கொண்டு போனால் அங்கே கடையில் நேராகத் தேய்க்கலாம் என்றாள். அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் விடுவேனா? ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தே வயதானவன், பணத்தை மோந்து பார்த்தே அது யார் வீட்டுப் பீரோவில் இருந்தது என்று சொல்கிறவன், அகில உலகக் கல்லாப்பெட்டிகளின் சக்கரவர்த்தி. இந்த அட்டை தொலைந்தால் அந்த ஊர் ராஜாவா வந்து நமக்குச் சோறு போடுவான் என்று அந்தப் பெண் முன்னாலேயே கேட்டேன். அத்தை சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டாள். அவ்வளவையும் டாலர் நோட்டாக மாற்றினேன், அங்கே போய் உங்கள் ஊர்ப் பணமாக மாற்றிக்கொள்ளலாம் என்று திட்டம்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பிழைத்திருப்போம். கல்லாவில் ஒரு பழக்கம் உண்டு, எண்ணி முடித்த நோட்டுக் கட்டை மூலையில் ஸ்டேப்ளர் பின் அடித்து மேல் நோட்டில் ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டு மூடுவோம், அதன் பிறகு அந்தக் கட்டை ஒருவரும் பிரித்து எண்ண மாட்டார்கள். இதுவோ வெளிநாட்டுப் பயணம், விமானத்தில் எவனாவது நடுவில் நோட்டை மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று, டாலர் கட்டுக்கும் பின் அடித்தேன், மேல் நோட்டில் மட்டும் இல்லை, ஒவ்வொரு நோட்டிலும் மையால் என் திருக்கையெழுத்தைப் போட்டேன். அதைப் பார்த்த மாத்திரத்தில் உலகத்துக் கஜானாக்கள் எல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் என்று எனக்கு எண்ணம். மீதி உனக்கே தெரியும். அந்தக் கடையில் அத்தை கருநீல வண்டியை நாலு தரம் தள்ளிப் பார்த்தாள், மடித்துப் பார்த்தாள், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பார்த்தாள். வாசலில் இருந்த பணம் மாற்றும் கூண்டுக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தாள், பின் குத்திய ஓட்டையைப் பார்த்தாள், என் கையெழுத்தை விரலால் தேய்த்தாள், எல்லாவற்றையும் அப்படியே வெளியே தள்ளிவிட்டாள். எழுதின நோட்டை வாங்க மாட்டாங்களாம் என்று நீ மெதுவாகச் சொன்னாய். அடுத்த கூண்டிலும் அதேதான். அத்தை திரும்பக் கடைக்குள் வந்து, அந்தப் பணம் இருந்த கைப்பைக்குள் கையை விட்டபடியே நின்றாள். நீ நல்ல மனதோடுதான் உன் அட்டையை எடுத்து ஒரு நொடியில் தேய்த்தாய், பரவால்ல அத்தை என்றாய். உன் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவள் கை பையில் இருந்து வெளியே வர வெகுநேரம் ஆனது, அதை நான் பார்த்தேன். திரும்பி வரும்போது விமானத்தில் நான் பத்து ஜோக் அடித்தேன், பதினொன்றாவதற்கு வாய் திறக்கும்போது அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, "என் காசுல உங்க கையெழுத்து எதுக்குங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதினொன்றாவது ஜோக்கை அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இங்கே வந்து அந்த நோட்டுகளை மாற்றினால், எழுத்துக்கு ஒரு பிடித்தம், ஓட்டைக்கு ஒரு பிடித்தம், என் மூஞ்சிக்கு ஒரு பிடித்தம். பிரசவத்துக்கு இரண்டு பேரும் வரலாம் என்று நினைத்தது ஒரு டிக்கெட்டுக்குச் சுருங்கிவிட்டது. நீங்களே போங்க, எனக்கு வேண்டாம் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். பிரசவ அறைக்கு வெளியே நான் வந்து என்ன செய்யப் போகிறேன், மருத்துவமனையையே சிரிக்க வைத்துத் தையல் பிரிந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். மசியவில்லை. கடைசியில் ஒரு நாள் காலையில் என்னிடம் சொல்லாமலே வங்கிக்குப் போய் அவள் பேரில் அட்டை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். போறேன், ஆனா தனியாப் போறேன் என்றாள். அட்டைக்கு உரிய ரகசிய எண்ணைக் கேட்டேன், சக்கரவர்த்திக்கு அதெல்லாம் எதுக்கு என்று சிரித்தாள், வந்ததில் இருந்து முதல் சிரிப்பு. இறங்கியதும் டாக்சிக்கு ஆகுமென்று உங்கள் ஊர்ப் பணமும் கொஞ்சம் மாற்றி, மடிப்பு விழாமல் ஒரு உறைக்குள் வைத்திருக்கிறாள். கடை மிஷின் எந்த ஊர்ப் பணத்தில் எடுக்கட்டும் என்று கேட்டால் அந்த ஊர்ப் பணத்தையே அழுத்த வேண்டும், நம் ஊர்ப் பணத்தை அழுத்தினால் கூடுதலாகப் பிடிப்பார்கள் என்று எனக்கே பாடம் நடத்துகிறாள். நான் கைகட்டிக் கேட்டுக்கொள்கிறேன். வழியனுப்பிவிட்டு வந்து இந்த வீட்டில் தனியாக என்ன செய்வேன் என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

நீ நன்றாகச் சாப்பிடு, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு, மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். சுகமாகப் பெற்றுப் பிழைத்து, பிள்ளையும் நீயும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே சிட்டு. வண்டி வாங்கியாகிவிட்டது, அது போனது போனதுதான். அத்தை வேறு ஏதாவது பார்த்து வைப்பாள், குட்டிக் கம்பளியோ, தொப்பியோ, என்னவோ. அவள் பையைத் திறக்கும்போது நீ உன் பையைத் திறக்காதே. ரகசிய எண்ணை அழுத்த அவளுக்குக் கொஞ்சம் நேரமாகும், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வாள், பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சும்மா நில்லு.

இப்படிக்கு,
உன் மாமா