எலைன் ஏந்திய கொடி

அன்புள்ள அம்மாவுக்கு அகல்யாவின் வணக்கம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அலோர் காஜாவில் நான் நலம்.

தேசிய மலரான செம்பருத்தியை யார் அழகாகக் கொண்டுவருகிறாரோ, அவரே சுதந்திர தின ஊர்வலத்தில் கொடியேந்தலாம் என்றார் எங்கள் அலுவலக மேலாளர். எனக்கு அந்தக் கொடிமீது ஆசை. நீங்கள் சாமிக்குப் பறிப்பதுபோல் விடியலில் நிஜப் பூவையே பறித்துப் போனேன். மேலாளர் மாலையில்தான் பார்த்தார், பூ சுருங்கிவிட்டது. பக்கத்து மேசைச் சீனப் பெண் எலைனின் காகிதப் பூ வென்றது.

"அக்கா, ஊர்வலத்துக்குச் சேலைதான் கட்டணும், எனக்குக் கட்டத் தெரியாதுலா. நீங்களே கட்டி விடுங்க!" என்று என்னிடமே வந்தாள். வயிறெரியக் கட்டிவிட்டேன். ஊர்வலம் முடியும்வரை ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

மிளகாய்த்தூள் அனுப்புங்கள். நான் ஒருத்திக்கு மட்டும் சமைக்க இன்னும் அளவு பிடிபடவில்லை. பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

முகநூலில் எலைன் கொடியேந்திய படம் வரும். அப்பாவிடம் லைக் போடவேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
அகல்யா