இரண்டு முழம் குறைந்த கேபிள்

அத்திம்பேர்,

காற்று லேசாக அடித்தால் போதும், பின்னறை வாசலுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த நீலக் கேபிளின் முனை ஆட ஆரம்பித்துவிடும். ஒரு வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கழக்கூட்டத்தில் ஆபீஸில் உட்கார்ந்திருந்தாலும் அது கண்ணுக்குள் ஆடும். அதைக் கழற்றி எறியவும் அக்கா விடவில்லை.

இந்த வீட்டுச் சுவரைத் தாண்டி வைஃபை போகாது. கூடத்தில் ஜோராகப் பாடும்; பின்னறையில் முட்டிவலியோடு படுத்திருக்கும் அக்காவுக்குப் பாதிக் கச்சேரிதான். "தனி ஆவர்த்தனத்துக்கு நடுவுல வட்டம் சுத்தினா அது என்ன கச்சேரி, கேட்டியோ?" என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள், ஏதோ இன்டர்நெட்டை நான்தான் கண்டுபிடித்த மாதிரி. சுருக்காத முழுப் பாட்டு வேண்டும், அதுவும் ஒயரில்தான் வர வேண்டும் உங்களுக்கு. அறைக்கு அறை கேபிள் இழுக்க வயர்மேன் ஷாஜியைப் பரணில் ஏற்றினீர்கள்.

அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே எரிச்சலும். சுமதி என்கிற என் அக்காவை நீங்கள் ஒருவர்தான் மதி என்று கூப்பிடுவீர்கள். கூடத்தில் பாட்டு முதல் தடவையாக ஒயர் வழியே ஓடியதும் குஷி தாங்காமல் "மதி! மதி!" என்று கத்தினீர்கள். பரணில் பின்னறைக்குக் கேபிளை உருவிக்கொண்டிருந்த ஷாஜிக்கு மலையாளம்தான் தெரியும். அதில் மதி என்றால் 'போதும்' என்று அர்த்தம். நறுக்கென்று வெட்டிவிட்டான். இரண்டு முழம் குறை!

"சாரல்லே மதின்னு பறஞ்ஞது?" என்று, சொன்னதே நீங்கள்தானே என்கிற மாதிரி, அவன் மேலிருந்து கேட்க, நீங்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். ஜாயின்ட் போட்டுவிடலாமே என்றேன். "போடா! ஒட்டுப்போட்ட ஒயர்ல என் ஆம்படையாளுக்குப் பாட்டா? அடுத்த வாரம் புதுசு இழுக்கலாம்."

அடுத்த வாரம் நீங்களே இல்லை.

அதோடு அக்கா பாட்டை நிறுத்திவிட்டாள். கூடத்துப் பிளேயரைத் துணி போட்டு மூடிவிட்டாள். புது ஒயர் இழுக்கட்டுமா என்றால், "இனிமே யாருக்குடா?" என்பாள். வரவர அவள் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. எனக்குப் பயமாக இருந்தது, அத்திம்பேர். இவளையும் விட்டுவிடுவோமோ என்று இருப்புக் கொள்ளவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவளைக் கேட்காமலே ஷாஜியைக் கூட்டிவந்துவிட்டேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பின்னறையில் அண்ணாந்து நின்றேன். கேபிள் இறங்கி வந்தது. மேலிருந்து ஷாஜி கத்தினான்: "மதியோ?"

நான் வாய் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "தோ வந்துட்டேன்!"

சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள், புடவையில் கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள். வாசலில் நின்றாள். கேபிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தாள். அப்புறம் சொன்னாள்: "அவனை இன்னொரு தரம் கேக்கச் சொல்லுடா."

கேபிள் தரையைத் தொட்டாயிற்று. ஆனாலும் நான் "போரா!" என்று கத்தினேன். போதாது என்று அர்த்தம். அவன் இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு "மதியோ?" என்றான். மறுபடியும் "போரா!" என்றேன். பாவம், அவனும் கேட்டுக் கேட்டு இறக்கினான்.

இப்போது சாயங்காலமானால் பின்னறையில் கச்சேரிதான், வட்டமே சுற்றுவதில்லை. கட்டிலுக்கடியில் மீதிக் கேபிள் சுருண்டு கிடக்கிறது. நறுக்கிவிடட்டுமா என்றால், "இருக்கட்டும்" என்கிறாள்.

நான்தான் இன்னும் அலைகிறேன். இந்த மலையாள ஊரில் எத்தனை பேர் மதி என்கிறார்கள்! டீக்கடையில் சர்க்கரைக்கு, பஸ்ஸில், ஆபீஸ் மீட்டிங்கில். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன், நீங்கள் அக்காவைக் கூப்பிடுகிறீர்களோ என்று.