சுடலைக்கு வளர்த்த செடி

சித்திரை 18, வியாழன்

மொட்டைமாடியில் என் தக்காளித் தொட்டிகளுக்கு நடுவே ஒரு கஞ்சாச் செடி இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. கேந்திப்பூச் செடி என்று நினைத்து இரண்டு மாதமாக நானே தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். இன்று டேங்க் கழுவ வந்தவன் பார்த்துச் சிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவன் ஊரெல்லாம் சொல்வான்.

வைத்தவர் மாடியில் குடியிருக்கும் முருகையா. மில்லில் ஓய்வு பெற்றவர், சுடலைமாடன் கோயில் சாமியாடி. கேட்டால் கூச்சமே இல்லை.

"கோயில் கொடைத் திருவிழாவுக்கு மாடனுக்குப் படைக்கதுக்குத்தான் அண்ணாச்சி. சாமி காரியத்துல எவன் கை வப்பான்?"

"போலீஸ் வந்தா மாடனையா வே கூட்டிட்டுப் போவான்? வீட்டுக்காரன்னு என்னையல்லா இழுப்பான்!"

போன மாதம் பக்கத்துத் தெருக்காரர் கஞ்சா பிடிக்கிறார் என்று காறித் துப்பியவரும் இவர்தான். சாமி பேரைச் சொன்னால் அதே இலை துளசியாகிவிடுமாம்.

உடனே பிடுங்கச் சொன்னேன். விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடக் கூடாது என்கிறார். நானே பிடுங்கலாம் என்று போனேன். மாடனை நினைத்ததும் கை வரவில்லை. முப்பது வருடம் கடை நடத்திச் சேர்த்த பெயர் இன்று ராத்திரி முழுக்க அந்தத் தொட்டியில் நிற்கிறது.

காலையிலாவது பிடுங்கியாக வேண்டும் என்றேன். "அப்போ மாடனுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார். செடிக்குப் பதிலாகக் கிடா கேட்டார். இழுத்துப் பிடித்துச் சேவலில் முடித்தேன்.

விடிந்ததும் அவரே வேரோடு பிடுங்கிப் புதைக்க வேண்டும். கொடைக்குச் சேவல் ஒன்று, சுருட்டு இரண்டு கட்டு, என் செலவு.