பாசித் தொட்டி பழுப்பானது

சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. வீட்டில் நாங்கள் மூன்று பேரும் கொட்டகையில் மாடுகள் பதினொன்றும் சுகம், பாசித் தொட்டிக்குத்தான் உடம்புக்கு முடியவில்லை. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

கொட்டகை கழுவின தண்ணீர் ஊறிப்போய்ப் பக்கத்து வீட்டு டீச்சரின் கிணறு நாறுகிறது என்றுதானே தொட்டியே கட்டினோம். மூன்று மாதம் குறையில்லை. கழிவிலுள்ள சத்தைத் தின்று பாசி தளதளவென்று வளர்ந்தது, நாற்றமும் போனது. வழித்ததைக் காயவைத்துத் தீவனத்தில் கலந்தோம், மிஞ்சினது சாண எரிவாயுக் கலத்துக்குப் போய் அடுப்பெரித்தது. போன செவ்வாய்க்கிழமை பார்த்தால் தொட்டி முழுக்கப் பழுப்பு, அழுகின முட்டை வாடை. வெள்ளிக்கிழமை தண்ணீரைச் சோதிக்க அதிகாரி வருவதாக இருந்தது, தேறாவிட்டால் பாதி மாடுகளை விற்கச் சொல்வார்கள். அடுப்படிக்கும் தொட்டிக்கும் நடையாய் நடந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் மூஞ்சியைக்கூட நீ இவ்வளவு தடவை பாத்ததில்ல என்றார் அப்பா, எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் சித்தப்பா மட்டும் தொட்டிப் பக்கமே வரவில்லை. வியாழக்கிழமை தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, அண்ணி, கொட்டகைக்கு மருந்து போட்டுக் கழுவினேன், வாய்க்காலைத் திருப்பிவிட மறந்துட்டேன், எல்லாம் தொட்டிக்கே போயிடுச்சு என்றார். கிருமியைக் கொல்கிற மருந்து பாசியை விடுமா. அன்னைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன், அதற்குமேல் திட்ட மனசு வரவில்லை.

அன்று சாயங்காலமே டீச்சரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். நீங்களா வந்து சொன்னதால ஒரு மாசம் பொறுத்துக்கறேன், அப்புறமும் நாறினா நானே மனு எழுதுவேன் என்றார். மறுநாள் அதிகாரி தொட்டியில் குனிவதற்குள் அவரிடமும் சொல்லிவிட்டேன். அவரும் ஒரு மாதம் தவணை கொடுத்து, விதைப்பாசி கிடைக்கும் பண்ணை ஒன்றையும் சொன்னார். கெட்ட தண்ணீரை இறைத்துவிட்டு அப்பா இரண்டு கேன் வாங்கிவந்து ஊற்றியிருக்கிறார். இன்று ஐந்தாம் நாள். ஓரத்தில் லேசாகப் பச்சை தெரிகிறது, பாசியா என் ஆசையா என்று புரியவில்லை. இதை எழுதுவதற்குள் நாலு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன்.

உன்னை நினைத்தாலும் இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நல்லா இருக்கேம்மா என்று மூன்று தடவை சொன்னாய். நன்றாக இருக்கிறவர்கள் ஒரு தடவைதான் சொல்வார்கள். என்ன நடந்திருந்தாலும் சொல்லிவிடு, திட்ட மாட்டேன்.

எந்தக் குறையும் அண்டாமல் நீ நீடூழி வாழ வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே பேசு, மறக்காதே.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா