படித்துறை விளக்கின் சுவிட்சு

மைனி,

குண்டு பல்பில் ஈசல் கருகுகிற வாடை உங்களுக்கு நினைவிருக்கிறதா? இன்று சாயங்காலம் மழை விட்டதும் எங்கள் பாளையங்கோட்டை வீட்டுப் பின்வாசலில் அந்த வாடைதான். என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். உங்களை என்னிடம் கூட்டிக்கொண்டு வருவதற்கு இதைவிட நல்ல வாடை ஒன்றும் வாய்க்கவில்லை, என்ன செய்ய.

மகள் சென்னையிலிருந்து லீவில் வந்திருக்கிறாள். பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் செடி வைத்திருக்கிறேன் அல்லவா, அதற்கு விளக்குப் போட வேண்டுமாம். செல்போனில் படம் படமாகக் காட்டுகிறாள். வெயிலில் சார்ஜ் ஏறுகிற விளக்கு, சுவிட்சே கிடையாது. "ஆள் நடந்தா தானா எரியும்மா. ஆள் இல்லைன்னா தானா அணைஞ்சிடும்" என்றாள். அந்தக் கடைசிச் சொல்லை அவள் சென்னையில் பழகிக்கொண்டு வந்திருக்கிறாள். இந்த வீட்டில் நான் அதைப் புழங்குவதில்லை. ஏன் என்று அவளிடம் சொன்னதும் இல்லை.

நீங்கள் கும்பகோணத்துப் பக்கமிருந்து எங்கள் அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில், எங்களுக்கு முதலில் பிடிபட்டதே அந்தச் சொல்தான். நாங்கள் விளக்கை அமத்துவோம். நீங்கள் அணைப்பீர்கள். விளக்கைக் கட்டிப்பிடித்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேலி செய்தால், "உங்க ஊர்ல விளக்கு என்ன வேலைக்காரியா, அமர்த்துறதுக்கு?" என்று உடனே திருப்பிக் கொடுப்பீர்கள். அப்போது நான் அம்பாசமுத்திரத்தில் பள்ளிக்கூட வாத்திச்சி, கல்யாணமாகாதவள், உங்களோடுதான் இருந்தேன். வாயில் எனக்குச் சரிசமமான ஆள் வீட்டுக்குள் வந்ததில் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

அணை என்றால் எங்களுக்கு மலையடிவாரத்து அணை மட்டும்தான். மழைக்காலத்தில் அந்தச் சொல்லை யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. உங்களுக்கோ அதுவும் வேறுமாதிரி. அணை திறந்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னால் உங்கள் ஊரில் ஆற்றில் பூப் போடுவார்கள், தண்ணீர் எப்போது வந்து சேரும் என்று காத்துக் கிடப்பார்கள் என்று சொல்வீர்கள். எங்கள் ஆறு அப்படிக் காக்க வைக்காது என்று உங்களுக்கு யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை. மலை இதோ தலைமாட்டில் இருக்கிறது, இதையெல்லாம் சொல்ல வேறு வேண்டுமா என்று இருந்துவிட்டோம்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். ஆற்றை ஒட்டி அண்ணன் வீடு கட்டினான். வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே சரிந்து இறங்குகிற நிலம் முழுக்க உங்கள் தோட்டம். பிச்சிப் பந்தல், கனகாம்பரம், கீழே போனால் எங்கள் சொந்தப் படித்துறை. அதற்கு விளக்கு வாங்க மூன்று பேரும் ஜங்ஷன் கடைத்தெருவுக்கு பஸ் ஏறிப் போனோம். அண்ணனுக்குத் தெருவிளக்குப் போலக் கம்பத்தில் பெரிய சோடியம் விளக்கு வேண்டும். ஆற்றங்கரையில் பூச்சி பொட்டு வரும், படித்துறைவரை பளீரென்று தெரிய வேண்டும் என்றான். நீங்கள் முழங்கால் உயரத்தில் குடை கவிழ்த்த காளான் விளக்குகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தீர்கள். "வெளிச்சம் கண்ணுல படக்கூடாது, காலுல படணும்" என்றீர்கள். சண்டை அரை நாள் ஓடியது. கடைக்கார அண்ணாச்சி எங்களுக்குக் காப்பியே வாங்கிக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் பாதை நெடுகக் காளான் விளக்கு, படித்துறையில் மட்டும் சோடியம் என்று முடிவானது. அண்ணன் எல்லாச் சுவிட்சையும் வீட்டுக்குள் வைக்கச் சொன்னான். நீங்கள் அந்தப் பெரிய விளக்குக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அதன் சுவிட்சு அங்கேயே, கம்பத்தில் இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் நீங்கள் படியில் நிற்பது தெரியாமல் யாராவது ஒருநாள் அணைத்துவிடுவார்கள், ஆற்றோரம் இருட்டில் நிற்க உங்களால் முடியாது என்றீர்கள். அதைச் சொல்லும்போது மட்டும் உங்கள் முகத்தில் விளையாட்டு இல்லை. கடைக்காரர் மழைத் தண்ணீர் புகாத இரும்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். வைத்துவிட்டு, "ஆத்தங்கரையிலயா சுவிட்சு?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார். அண்ணன் அப்போது காளான் விளக்குகளின் வயர் நீளத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் நிமிரவில்லை.

விளக்கு எரிந்த முதல் நாளே பக்கத்துத் தோப்பு அண்ணாச்சி வந்துவிட்டார். அவருடைய மாட்டுத்தொழு மதிலுக்கு அந்தப் பக்கம்தான். சோடியம் வெளிச்சம் நேராகத் தொழுவுக்குள் விழுகிறதாம், பால் செம்பில் பூச்சி விழுகிறதாம். "மாடு படுக்க மாட்டேங்கு, கொஞ்சம் அமத்தச் சொல்லும் வே" என்று அண்ணனிடம் கெஞ்சினார். நீங்கள் குறுக்கே வந்து, எப்போது தொந்தரவாக இருக்கிறதோ மதில் பக்கம் வந்து ஒரு குரல் கொடுங்கள், நானே அணைத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தீர்கள். அவருக்கு அந்தச் சொல் முதலில் விளங்கவில்லை. நான்தான் அர்த்தம் சொன்னேன். மனுஷனுக்கு ஒரே சிரிப்பு.

அதற்குப் பிறகு ஊரில் எல்லாரிடமும் அமத்து என்று பேசுகிறவர் உங்களிடம் மட்டும் உங்கள் சொல்லைப் பேசினார். பால் கறந்து முடித்து அந்தப் பக்கமிருந்து கூப்பிடுவார். "அணைம்மா, அணை!" நீங்கள் "இதோ அணைச்சிடுறேன் அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே பாதையில் இறங்கிப் போவீர்கள். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் வெளிச்சம் போய்விடும். காளான் விளக்குகள் உங்கள் பாதத்தைக் காட்ட நீங்கள் மேலே ஏறி வருவீர்கள். தினமும் நடந்தது. ஆசையாகப் பேசிய பேச்சு மைனி, அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

அந்த ஐப்பசியில் மலையில் மழை விடவே இல்லை. மணிமுத்தாறு அணை நிரம்பிவிட்டது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்டார்கள். நான் வரும்போது ஆறு கலங்கலாக, கீழ்ப்படிகளை மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சத்தம் இல்லாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மேகம் கவிந்து சீக்கிரமே இருட்டியதால் எல்லா விளக்கையும் போட்டாகிவிட்டது. காற்றில் பிச்சிப் பந்தல் சாய்ந்துவிட்டது என்று நீங்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தோட்டத்தின் நடுவில் கயிறு கட்டிக்கொண்டிருந்தீர்கள். தூறலுக்கே போய்விடுகிற கரண்டு அன்று அதிசயமாகப் போகவில்லை. போயிருந்தால் உங்களுக்கு அமத்துவதற்கு விளக்கு இருந்திருக்காது. நீங்கள் வீட்டைப் பார்க்க ஏறி வந்திருப்பீர்கள். இத்தனை வருஷத்தில் கரண்டு போகிறபோதெல்லாம் இதைத்தான் நினைக்கிறேன்.

நான் அடுப்படி வாசலில் நின்றேன். மதிலுக்கு அப்பாலிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. "அணைம்மா... அணை!" பின்னால் அவர் சொன்னதைக் காற்று கொண்டுபோய்விட்டது. நீங்கள் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தீர்கள். "இதோ அணைச்சிடுறேன் அண்ணாச்சி" என்றீர்கள், தினமும் சொல்கிற அதே குரலில். மேலே ஏற வேண்டிய நீங்கள் கீழே இறங்கினீர்கள்.

அவர் மதிலோரமாக வீட்டுப் பக்கம் ஓடிவந்து மறுபடி கத்தினார். இந்தத் தடவை எனக்கு முழுசாகக் கேட்டது. "அணை திறந்துட்டாவ, மேல ஏறுங்க, தண்ணி வருது!" நான் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். பாதையில் பாதி தூரம் போயிருப்பேன். படித்துறையில் அந்த மஞ்சள் வெளிச்சம் போய்விட்டது. சுவிட்சைத் தொட்டுவிட்டீர்கள் என்று தெரிந்தது. அதற்கப்புறம்தான் ஆறு சத்தம் போட்டது. கீழேயிருந்து ஒவ்வொன்றாகக் காளான் விளக்குகளும் தண்ணீருக்குள் போய், இருட்டு என் காலடிவரை வந்தது. அண்ணாச்சி மதில் ஏறிக் குதித்து என்னை இழுத்துக்கொண்டு மேலே போனார்.

உங்களை ஆற்றின் கீழ்க்கோடியில், ஏரலில் கரையேற்றினார்கள். அண்ணன்தான் போய் அடையாளம் சொன்னான். பதினாறாம் நாள் விசேஷத்துக்குத் தோப்பு அண்ணாச்சி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. என்னைப் பார்த்து, "நான் தினமும் எம் பேச்சுலயே பேசியிருந்தா அவக பிழைச்சிருப்பாவ" என்றார். அவரைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. எனக்குக் கோபமெல்லாம் அந்த ஒரு சொல்மேல்தான் வந்தது. பிறகு அண்ணன் வீட்டை விற்றுவிட்டான். கம்பம் அங்கேயே சாய்ந்து கிடந்தது என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை.

மகளிடம் சொல்லிவிட்டேன். சுவிட்சு இல்லாத விளக்கு என் தோட்டத்துக்கு வேண்டாம். காளான் விளக்கு போதும், சுவிட்சு அடுப்படிக்குள் இருக்கட்டும். ஏன் என்று கேட்டாள். உங்களைப் பற்றி இன்றுதான் முதல்முறையாக அவளிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, அப்படியானால் தினமும் பின்வாசல் விளக்குப் பக்கம் நின்று நான் பேசுவது அத்தையிடம்தானா என்றாள்.

ஆமாம் மைனி. மழை நாளோ வெயில் நாளோ, சுவிட்சில் கை வைத்துக்கொண்டு இருட்டைப் பார்த்து ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் செய்கிறேன். இப்போதும் போய்க் கேட்க வேண்டும், ஈசலும் ஓய்ந்துவிட்டது.

"மைனி, மேல வந்துட்டியளா? அமத்துதேன்."