கிரஷர் கொட்டகையும் மஞ்சள் கோடும்

7 ஜனவரி 2024

முத்துகிருஷ்ணன் தன் வீட்டு மாடியில் ஓடவிடும் குட்டி ரயிலுக்காக, கயத்தாறு பக்கம் மூடிக் கிடக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் கல் உடைக்கும் கிரஷர் கொட்டகையைச் சிறு மாதிரியாகச் செய்கிறேன். தெற்குச் சுவர் முடிந்தது. அவருடைய தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்த, மருந்து முக்காத குச்சிகள்தான் பலகை. ஆறாவது குச்சியில் கை உதறியது. பசை வழிந்து குச்சி கோணிக்கொண்டது. பிடுங்கவில்லை. கைவிட்ட கட்டடம்தானே, கோணினால் என்ன? மேலே கரிசல் தூளைத் தேய்த்தேன், பொருந்திப் போயிற்று. முப்பது வருடம் அதே சுரங்க ஆபீசில் வரைபடம் போட்டவன் சொல்லிக்கொள்ளும் சமாதானத்தைப் பார்!

19 ஜனவரி

திருநெல்வேலியில் நரம்பு டாக்டரைப் பார்த்தேன். "மாத்திரை போட்டா மட்டுப்படும். முழுசா போகாது." வீட்டில் சுதாராணியிடம் பென்ஷன் வேலை என்று சொல்லிப் போயிருந்தேன். திரும்பும்போது கடம்பூரில் இறங்கிப் போளி வாங்கினேன். அவள் சந்தோஷமாகத் தின்றாள். பாவி நான்.

2 பிப்ரவரி

ஜன்னல் சட்டம் ஒடிந்தது. ஒடிந்தபடியே ஒட்டினேன்.

18 பிப்ரவரி

கொட்டகையைக் கொடுத்துவிட்டேன். முத்துகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "எப்படி அண்ணாச்சி இப்படிப் பாழாக்குனிய? ஒரு எடமாவது நேரா இருக்கா! இதுக்கெல்லாம் ஒங்க கை வேணும்."

சிரித்தேன். வேறென்ன செய்ய?

"அடுத்து ஸ்டேஷன். நேத்து தொறந்த மாதிரி பளபளன்னு. பிளாட்பாரத்து மஞ்சக் கோடு ஊசி கணக்கா இருக்கணும்."

இன்னொரு பாழடைந்த கட்டடம் செய்து தருகிறேனே என்றேன்.

"எல்லாம் பாழாக் கெடந்தா ரயில் யாருக்கு நிக்கும் அண்ணாச்சி?"

தலையாட்டிவிட்டு வந்தேன்.

3 மார்ச்

கோடு வரவில்லை.

4 மார்ச்

ஸ்கேல் வைத்தும் வரவில்லை. ஸ்கேலே நகர்கிறது.

10 மார்ச்

ஒன்பதாவது அட்டையையும் கிழித்து எறிந்தேன். சத்தம் கேட்டுச் சுதாராணி ஓடி வந்தாள். கையைப் பின்னால் மறைத்தேன். பிடித்து இழுத்தாள். அவள் பிடிக்குள்ளும் அது ஆடிக்கொண்டே இருந்தது.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

டாக்டர் சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா ஒங்களுக்கு? அப்ப நான் யாரு இந்த வீட்டுல?"

அதோடு சரி. சோறு போட்டாள், பேசவில்லை. கையும் போய், இவளும் இப்படி இருந்தால் — நான் என்ன செய்வேன்? பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

24 மார்ச்

இதை எழுதுவது சுதாராணி. அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

முத்துகிருஷ்ணனிடம் கை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிரஷர் கொட்டகையை மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு, "ஸ்டேஷன் மெதுவா வரட்டும் அண்ணாச்சி" என்றார். வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்தோம். எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று நான் சொன்னேன். மஞ்சள் கோட்டைச் சுதாராணி போட்டாள். முதல் தடவையிலேயே நேராக வந்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனார். இன்னும் வரவில்லை.

நான் கொஞ்சம் கோணலாகப் போட்டிருக்கலாம்.